கல்லூரி நிர்வாகத்தோடு மோதும் லெக்சரர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் லெக்சரர் வந்தாள். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் 6 வருடமாகக் கணினி அறிவியல் எடுக்கிறாள். நிறுத்திவைத்த இன்கிரிமென்ட்டைக் கேட்டு 11 பேர் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து இவளுக்கும் இன்னொருவருக்கும் வேலை போய்விட்டது. கையில் தடித்த ஃபைல். "லேபர் ஆபீஸ்ல போட்டிருக்கோம் மேடம், ரெண்டு ஹியரிங் முடிஞ்சுது" என்று நம்பிக்கையோடு சொன்னாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2009-ல் நான் தூக்கிக்கொண்டு அலைந்த ஃபைலும் அதேபோலத்தான் இருந்தது.

ஒற்றுமையாக இருங்கள், மரியாதையாகப் பேசுங்கள், நேரத்துக்குப் போங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். படித்தவர்களே விழுகிற குழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தவறான வாசலில் போய் நிற்பது

நான் வணிகவியல் எடுத்தவள். 2009-ல் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் கல்லூரியில் ஆசிரியர் சங்கம் தொடங்கினோம். கோரிக்கைப் பட்டியல் கொடுத்த அதே மாதம் நான்கு பேரையும் நீக்கினார்கள். யாரோ ஒருவர் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரிடம் அழைத்துப் போனார். நல்ல மனிதர். பத்துப் பைசா வாங்காமல் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். "மாசச் சம்பளம் வாங்கற எல்லாருமே தொழிலாளிதாம்மா" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 1947-ம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ், லேபர் ஆபீஸில் இருக்கும் சமரச அதிகாரியிடம் மனு போட்டோம்.

மூன்று தேதிகளில் நிர்வாகத்தின் பக்கமிருந்து யாரும் வரவில்லை. வாய்தா கேட்டு லெட்டர் மட்டும் வந்தது. நான்காவது முறை வக்கீல் வந்தார். ஒரே ஒரு பக்கம் கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: இவர்கள் ஆசிரியர்கள், இந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளிகள் அல்ல, ஆகவே இங்கே பேச ஒன்றுமில்லை. அதற்குள் ஐந்து மாதம் ஓடியிருந்தது.

அவர் சொன்னது சரி. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. முதல் நாளே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயத்தை ஐந்தாவது மாதம் எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1978-ல் ஏழு நீதிபதிகள் அமர்வில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. கல்வி நிறுவனமும் அந்த 1947 சட்டம் சொல்லும் 'தொழில்' என்ற சொல்லுக்குள் வரும் என்றது. அதற்கு முன் 1963-ல், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பஸ் டிரைவர்கள் தொடர்பான வழக்கில், பல்கலைக்கழகம் 'தொழில்' அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1978 தீர்ப்பு அதை மாற்றியது. சரி, கல்லூரி தொழில் ஆகிவிட்டது, அப்படியானால் அங்கே வேலை செய்கிற நாமும் தொழிலாளிதானே என்று நினைக்கிறோம். சிக்கல் அங்கேதான். நிறுவனம் 'தொழில்' ஆனால் மட்டும் போதாது. தகராறு எழுப்புகிறவர் 'தொழிலாளி' என்ற விளக்கத்துக்குள்ளும் வர வேண்டும்.

1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியையின் பணிநீக்கம் பற்றிய வழக்கு அது. உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை என்று சட்டம் அடுக்குகிற எதிலும் கற்பித்தல் சேராது, எனவே ஆசிரியர் தொழிலாளி அல்ல என்று நீதிபதி வெங்கடராமையா எழுதினார். ஆசிரியர்களின் குறைகளைத் தீர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் லேபர் ஆபீஸ் வாசல் நமக்கு அன்றோடு மூடிவிட்டது. அதே கல்லூரியில் பஸ் ஓட்டுபவருக்கும், ஆபீஸ் கிளார்க்குக்கும், லேப் அட்டெண்டருக்கும் அது திறந்தே இருந்தது.

கர்நாடகத்தில் நமக்கான வாசல் கல்வி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர் விசாரிப்பார். அங்கே மேல்முறையீடு செய்ய 1983-ம் வருடக் கர்நாடகக் கல்விச் சட்டத்தின் 94-ம் பிரிவு இருக்கிறது. தனியார் கல்வி நிறுவனங்களின் ஒழுங்குமுறைக்கான 1975-ம் வருடச் சட்டமும் இருக்கிறது. உங்கள் கல்லூரிக்கு எது பொருந்தும் என்பதை வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டிலும் காலக்கெடு ஒன்றுதான்: நீக்க உத்தரவு கைக்கு வந்து மூன்று மாதம். அரசு உதவி பெறாத தனியார் கல்லூரி ஊழியர்களுக்கு இப்படி ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்று 2002-ல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வும் சொல்லியிருக்கிறது. அதுவும் கர்நாடகத்திலிருந்து போன வழக்குதான்.

எங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது இல்லையா? தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட்டோம். தெரியாமல் வேறு இடத்தில் செலவழித்த காலத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள் என்று கேட்டோம். சமரச அதிகாரி கோர்ட் இல்லையே, அந்தக் காலத்தை எப்படிக் கழிக்க முடியும் என்று எதிர்த்தரப்பு மல்லுக்கு நின்றது. இரண்டு வருடம் இந்த ஒரே கேள்வியிலேயே போனது. எங்களை ஏன் நீக்கினார்கள், விசாரணை நடத்தினார்களா, விளக்கம் கேட்டார்களா என்று ஒருவரும் பேசவே இல்லை. நால்வரில் ஒருவர் சேலத்துக்குத் திரும்பி டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். இன்னொருவர் வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாமல் விலகினார். நானும் மிச்சமிருந்தவரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். விசாரணை இல்லாமல் நீக்கியிருந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்கே ஜெயித்திருக்க வேண்டிய வழக்கு.

"இப்பதான் புதுச் சட்டம் வந்திடுச்சே மேடம்" என்றாள் அந்தப் பெண். வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. பழைய 1947 சட்டம் போய்விட்டது. ஆனால் தொழிலாளி என்பதற்கான விளக்கத்தில் அதே பழைய அடுக்குதான் இருக்கிறது. பத்திரிகையாளர்களையும் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தவர்கள் ஆசிரியரைச் சேர்க்கவில்லை. போதாததற்கு, அறப்பணியிலும் சமூகப்பணியிலும் முழுக்கவோ பெருமளவிலோ ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற சொல்லிலிருந்தே வெளியே வைத்திருக்கிறார்கள். டிரஸ்ட் நடத்துகிற கல்லூரிகள் இதைத்தான் முதல் வாதமாக வைக்கும். இனி அட்டெண்டருக்கும் டிரைவருக்கும்கூட அந்த வாசலில் சண்டை இருக்கிறது. நல்லவேளையாக, தீர்ப்பாயத்துக்கு ஆசிரியர் மட்டுமல்ல, கல்லூரியின் மற்ற ஊழியர்களும் போகலாம்.

நேராக ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம் என்று சிலர் சொல்வார்கள். உதவி பெறாத தனியார் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான சாதாரணப் பணித் தகராறுக்கு ரிட் இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் செயின்ட் மேரிஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அங்கேயும் மாதங்களைத் தொலைக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொழிலாளி இல்லை என்றதும், எந்தத் தொழிலாளர் சட்டமும் நமக்கு இல்லை என்று முடிவுகட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். கிராஜுவிட்டி நமக்கு உண்டு. 2004-ல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்படி ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போன வழக்கு 2022-ல் தள்ளுபடி ஆனது. கிராஜுவிட்டி கேட்பதற்கு லேபர் ஆபீஸ் வாசல்தான் சரி. ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனி விளக்கம். எந்தச் சட்டத்தில் என்ன கேட்கிறோம் என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, நாள் கணக்கு. இப்போதெல்லாம் நீக்க உத்தரவே கொடுப்பதில்லை. காலையில் போனால் பயோமெட்ரிக் மெஷின் விரலை ஏற்காது. "ஆபீஸில் போய்க் கேளுங்க" என்று செக்யூரிட்டி சொல்வார். அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தாள். அன்றைக்கே பிரின்சிபாலுக்கு மெயில் போட வேண்டும்: இன்று இந்த நேரத்தில் வந்தேன், உள்ளே விடவில்லை, காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று. அதையே பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற சண்டை பின்னால் வரும்போது கையில் இருப்பது அந்த ஒரு தாள்தான். சண்டை வரும் என்றே வைத்துக்கொண்டு, மெஷின் விரலை மறுத்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

எல்லோரும் ஒரே மனுவில்

அட்டெண்டரும் லெக்சரரும் ஒரே கோரிக்கைக்காக நிற்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. நிற்கட்டும். மனுவை மட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரே தாளில் இரண்டு வகை ஊழியர்கள் இருந்தால், லெக்சரர் மேல் இருக்கும் ஆட்சேபணையைக் காட்டி மொத்த மனுவையும் இழுத்தடிப்பார்கள். அட்டெண்டரின் ஜெயிக்கிற கேஸும் நம்மால் படுத்துவிடும்.

சம்பளத்தை மட்டும் பேசுவது

பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்ததும் எல்லோரும் சம்பளத்தில் ஆரம்பிக்கிறார்கள். நிர்வாகம் பணமில்லை என்கிறது. அதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. வேலைச் சுமையையும் மேசையில் வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. நம் இளம் லெக்சரர்கள் பலர் 24 மணி நேரம் எடுத்துவிட்டு, அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய் மாணவர்களையும் பிடித்து வருகிறார்கள்.

சம்பளம் பேசும்போதும் எண்ணோடு போங்கள். ஏழாவது ஊதியக்குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கெஸ்ட் லெக்சரருக்கு யுஜிசி 2019-ல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று வைத்தது. இதெல்லாம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று தனியார் நிர்வாகம் சொல்லும். சொல்லட்டும். அளவுகோல் ஒன்று மேசை மேல் இருக்கும்போது 18,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு நியாயம் சொல்ல அவர்களும் திணறுவார்கள்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். கல்லூரிக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) அமைப்புக்கு ஃபைல் தயார் செய்கிற மாதங்களில் நிர்வாகத்துக்கு ஒவ்வொரு லெக்சரரும் வேண்டும். நான் பிறகு வேலை பார்த்த கல்லூரியில் அந்தச் சமயம் பார்த்துத்தான் பேசினோம். வாரம் 22 மணி நேர வகுப்பு 18 ஆனது.

பேப்பர் திருத்த மாட்டோம் என்று ஆரம்பிப்பது

இது நம் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். 2013-ல் மகாராஷ்டிரக் கல்லூரி ஆசிரியர்கள் ஊதிய பாக்கிக்காகத் தேர்வுப் பணியை மாதக்கணக்கில் புறக்கணித்தார்கள். ஹைகோர்ட் தலையிட்டது, புறக்கணித்த நாட்களின் சம்பளமும் பிரச்சினை ஆனது. அவர்களுக்குப் பின்னால் மாநிலம் முழுவதும் பரவிய கூட்டமைப்பு இருந்தது. 11 பேர் கொண்ட சங்கத்துக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. ரிசல்ட் தள்ளிப்போனால் பெற்றோர் நிர்வாகத்தின் பக்கம் போய் நிற்பார்கள். 2003-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியதையும், வேலைநிறுத்தம் அவர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நம் வீடுகளில் இன்னும் மறக்கவில்லை. சங்கம் வைக்க அரசியல் சாசனம் உரிமை தருகிறது. வேலைநிறுத்தத்துக்கு அதே பாதுகாப்பு இல்லை.

கூட்டு ராஜினாமா மிரட்டல்

ஏற்றுக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டாதவர்களுடையதை மட்டும்.

அசல் சான்றிதழ்களை ஆபீஸில் ஒப்படைப்பது

கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுங்கள்.

வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து

கன்னடத்தில் டைப் செய்த தாளை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நகல் வாங்கிக்கொண்டு, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அங்கேயே போட்டாக வேண்டுமென்றால், படித்துக் காட்டப்படவில்லை என்று கையெழுத்துக்கு மேலே எழுதித் தேதி போடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் கலைந்துபோவது

அன்று மாலையே, பேசி ஒத்துக்கொண்டதை எழுதி நிர்வாகத்துக்கு மெயில் அனுப்புங்கள்.

அந்தப் பெண் வந்த ஞாயிற்றுக்கிழமையன்று 76 நாள் ஆகியிருந்தது. மூன்று மாதம் முடியச் சரியாக 14 நாள். திங்கட்கிழமை காலையில் நானே அவளைக் கல்லூரி வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். லேபர் ஆபீஸ் மனுவின் நகல், வங்கிக் கணக்கு விவரம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், விரல் மறுக்கப்பட்ட அன்று அவள் தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினோம். நீக்க உத்தரவு என்று ஒரு தாள் இல்லாததால் மனுவை இரண்டு முறை மாற்றி எழுத வேண்டியிருந்தது. 86-வது நாள் தாக்கல் ஆனது. கூட நீக்கப்பட்ட இன்னொருவர் லேபர் ஆபீஸிலேயே தொடரப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.