கெரிஸ் உறையின் சித்திரவேலை: புதிதாகச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவாவின் கெரிஸ் குத்துவாளை வாங்க வருகிறவர்களின் கண் முதலில் போவது பெண்டோக் மேல்தான். உறையின் மரத்தண்டைப் போர்த்தியிருக்கும் உலோகக் கூடு அது. பித்தளை, செம்பு, வெள்ளி எதுவானாலும் கொடியும் இறக்கையும் மலையும் விலங்குமாக வேலைப்பாடு நிறைந்திருக்கும். ஈரத்தில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

பெண்டோக்கைப் பார்த்து அலகுக்கு வயது சொல்வது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பெண்டோக் செருகியிருக்கும் கூடு மட்டுமே, இழுத்தால் கழன்று வந்துவிடும். உறையும் பிடியும் கெரிஸுக்கு உடை மாதிரி. தேய்ந்தால் மாற்றுவார்கள், வீட்டில் ஒருவருக்குப் பதவி உயர்ந்தாலும் மாற்றுவார்கள். ஜாவாவின் பழைய பேரரசான மஜபாஹித் காலத்து அலகு, அரண்மனை நகரமான சூரகார்த்தாவின் 19ஆம் நூற்றாண்டு உறையில் இருக்கலாம். புது அலகு பழைய வெள்ளிக்குள்ளும் இருக்கலாம்.

தெரிந்த பையன் ஒருவன் சூரகார்த்தா அரசர் பத்தாம் பாகுபுவனோவின் முத்திரை போட்ட பெண்டோக்கைக் கண்டு, அரண்மனை வாள் என்று நம்பிப் பெரும்பணம் கொடுத்துவிட்டான். அந்த அரசர் ஆண்டது 1893 முதல் 1939 வரை. கூட்டை மெல்ல உருவிப் பார்த்தேன். ஆட்டம் தெரியாமலிருக்க உள்ளே காகிதத்தைச் சுற்றித் திணித்திருந்தார்கள். தடித்த வேறொரு உறைக்குச் செய்த கூடு அது. முத்திரை அசல் என்றே வைத்துக்கொண்டாலும், அது கூட்டுக்குத்தானே சாட்சி? அலகுக்கு எப்படி ஆகும்?

காசு கொடுக்குமுன் கூட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு லென்ஸ் வைத்து இலைகளைப் பாருங்கள். கையால் செதுக்கியதில் உளி நகர்ந்த சிறு படிகள் தெரியும், ஓர் இலை போல இன்னொன்று இராது. அச்சில் அழுத்தியதில் எல்லா இலையும் ஒரே வார்ப்பு.

ஒவ்வொரு உருவுக்கும் தனி அர்த்தம் தேடுவது

இறக்கை என்றால் வெற்றி, மலை என்றால் மோட்சம் என்று பட்டியல் போடுகிறார்கள். செமன் வகைச் சித்திரத்தில் மலை மண்ணையும் இறக்கை வானத்தையும் காட்டும், நடுவே துளிர்க்கும் கொடி இரண்டையும் இணைக்கும். சேர்த்துப் படித்தால்தான் பொருள். பத்திக் துணியிலும் இதே சித்திரம் உண்டு. அங்கே கருட இறக்கை வகைகள் சில அரண்மனைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன.

கெமாலோ பூச்சை மாற்றுவது

பெண்டோக் மேல் பூசும் வண்ண அரக்குதான் கெமாலோ. அதன் நிறம் பதவியைச் சொல்லும், சிவப்பு மேல்தட்டுக்குரியது. பிடித்த நிறம் என்று பூசாதீர்கள்.

பிடியைத் தேய்ப்பது

நுங்காக் செமி என்ற ஜாவா வகைப் பிடியின் இரு சிறு செதுக்கல்களுக்குப் பத்ரா என்று பெயர். மணல்தாள் பட்டால் போச்சு.