பழைய ஜீப்புக்குப் புது டீசல் இன்ஜின்: முதலில் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள்

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் ஜீப் சத்தத்தில்தான் கண் விழிப்போம். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று கேரளத்துக்குள் இறங்கும் வண்டிகள் அவை. அவற்றில் பழைய மஹிந்திரா எம்.எம்.540 மாதிரி ஜீப்புகளின் உடம்பு இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. இன்ஜின்தான் களைத்துப்போகிறது. ஏற்றத்தில் இரண்டாவது கியரை விட்டு மேலே போகாது, புகை மட்டும் மலை முழுக்கப் போகும்.

இந்த வண்டிக்கு காமன் ரயில் டீசல் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் புது வகை) மாற்றுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பட்டறை வேலை கொஞ்சம் தெரிந்து, இன்ஜின் மாற்றுவது இதுதான் முதல் தடவை என்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது இன்ஜின் தரையில் நின்று, தன் சொந்த வயரிங்கில், தானே ஓடுகிற வரைக்கும் பழைய இன்ஜினின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள்.

ஆர்.சி. புத்தகம்தான் முதல் ஸ்பேனர்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களும் வண்டியும் முரண்படும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதனால் இன்ஜின் தேடிப் புறப்படுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். எந்த வண்டியின் எந்த இன்ஜின், என்ன எரிபொருள், எத்தனை சி.சி. என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் அந்த இன்ஜினை மறந்துவிட வேண்டியதுதான். அனுமதி கிடைத்தால் வேலை முடிந்ததும் புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும். நம் வண்டி தினமும் மாநில எல்லையைத் தாண்டுகிற வண்டி. கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கண்டிப்பானது. இருபது தொழிலாளர்களின் ஒரு நாள் கூலி சோதனைச் சாவடியில் நின்றுபோகக் கூடாது.

எந்த இன்ஜின்

எம்.எம்.540-இல் வந்தது பெஜோ வடிவமைத்த 2112 சி.சி. டீசல். 62 குதிரைத்திறன், டார்க் (சுழற்றும் விசை) சுமார் 120 நியூட்டன் மீட்டர். 2010-இல் வந்த மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. (காமன் ரயில்) வண்டியின் இன்ஜின் 2498 சி.சி., 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். டார்க் இரண்டு மடங்கு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த இரண்டு மடங்கும் பழைய கியர் பாக்ஸ், பழைய யூ ஜாயின்ட், பழைய ஆக்ஸில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும்.

முதல் தடவை செய்பவர்களுக்கு என் தீர்மானமான யோசனை: இன்ஜின், அதன் கியர் பாக்ஸ், அதன் டிரான்ஸ்பர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) மூன்றையும் ஒரே நான்கு சக்கர ஓட்ட வண்டியிலிருந்து ஒன்றாக எடுங்கள். பழைய கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டு நடுவில் அடாப்டர் பிளேட் போடுவதும் உண்டு. அதற்கு நல்ல லேத் வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்து 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் நான் விடுவதில்லை. விட்டால் முதலில் ஸ்பிகாட் பேரிங் போகும், அப்புறம் கிளட்ச், அப்புறம் இன்புட் பேரிங்.

வாங்கும்போது

கோவை உக்கடமோ சென்னை புதுப்பேட்டையோ, எங்கே வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். இன்ஜின் எண் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் மாட்டுவது நீங்கள்தான்.

இன்ஜினோடு சேர்ந்து வர வேண்டியவை: இ.சி.யு. (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி), அதே வண்டியின் சாவி, இம்மொபிலைசர் பெட்டி (வேறு சாவியில் ஓடவிடாத திருட்டுத் தடுப்பு), வெட்டுப்படாத முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், மீட்டர் போர்டு, ரிலே பெட்டி, இன்டர்கூலர், அதன் ரேடியேட்டர். இந்த இன்ஜினில் ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது. பெடலே ஒரு சென்சார். சாவியை இ.சி.யு. அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், டீசல் மட்டும் போகாது. என் முதல் இன்ஜினை இ.சி.யு. மட்டும் போதும் என்று நம்பி வாங்கினேன். சாவி இல்லை, மீட்டர் போர்டு இல்லை. அவற்றைத் தேடி அலைந்ததிலேயே ஒரு ஏலக்காய்ப் பருவம் போய்விட்டது.

இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் விடும் என்ற திருத்தக் கணக்கு அது. இ.சி.யு.வில் பதிந்திருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் ஓட்டுவது

இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்டு அடித்து, இன்ஜினை அதன் சொந்த மவுண்ட் ரப்பரோடு அதில் உட்கார வைத்து, ஸ்டாண்டைத் தரையோடு இறுக்குங்கள். கியர் பாக்ஸும் சேர்ந்தே இருக்கட்டும், நியூட்ரலில். ரேடியேட்டரை முன்னால் நிறுத்திக் குழாய் மாட்டி, கூலன்ட் ஊற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரி. அதன் நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தடிமனான எர்த் கேபிள் நேராகப் போக வேண்டும். இன்ஜின் ஓடவில்லை என்று என்னிடம் கொண்டுவந்த வண்டிகளில் பாதி, எர்த் சரியில்லாத வண்டிகள்தான்.

புது கேனில் சுத்தமான டீசல் எடுத்து, ஃபில்டர் வழியாகப் போகிற குழாய் ஒன்று, திரும்பி வருகிற குழாய் ஒன்று என இரண்டையும் அதில் விடுங்கள். ஃபில்டரின் கைப்பம்பை, குழாயில் காற்றுக் குமிழி நிற்கும் வரை அமுக்குங்கள். இன்ஜினின் உயர் அழுத்தப் பம்புக்கு அப்பால் உள்ள இரும்புக் குழாய்களை ஸ்டார்ட் செய்யும்போது தொடவே கூடாது. காமன் ரயிலில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கசிவைக் கையால் தேடாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கக் காத்திருந்து, ஒரு அட்டையைச் சுற்றி வைத்து மறுபடி ஓட்டி, அட்டை எங்கே நனைகிறது என்று தள்ளி நின்று பாருங்கள்.

பக்கத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். ஏர் இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு பலகையும் வேண்டும். டர்போ சீல் போன பழைய இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகமெடுக்கலாம். அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் மூடினால் கை போகும்.

சரி, இப்போது சாவியைத் திருப்புங்கள். முதலில் ஸ்டார்ட் செய்யாமல் மீட்டர் போர்டின் விளக்குகளைப் பாருங்கள், ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீடுகளைப் படியுங்கள். கிராங்க் சென்சார், ரயில் அழுத்த சென்சார், பெடல் சென்சார் மூன்றிலும் பிழை இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து ஃபேன் சுற்றும் வரை ஓடட்டும். புகை, சத்தம், ஆயில் அழுத்தம் எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இன்ஜின் கெட்டது என்றால் திருப்பிக் கொடுக்கலாம். வண்டிக்குள் ஏற்றிய பிறகு யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

ஓடிய பிறகுதான் வயரிங்கில் கை வைக்க வேண்டும். பவர் விண்டோ, ஏ.சி. என்று தேவையில்லாத வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். வயரைக் கத்தரிக்காமல் சாக்கெட்டிலிருந்து பின்னோடு உருவுங்கள். ஒவ்வொன்றிலும் டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள்.

பல் கணக்கு

அமெரிக்க வில்லீஸ் ஜீப்பின் வழியில் வந்த பழைய ஜீப்புகளில் கிரௌன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) விகிதம் 5.38 பரவலாக உண்டு. உங்கள் வண்டியில் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை கொடுங்கள். டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரல், கை பிரேக் விடுதலை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டு வைத்து, அதை இரண்டு சுற்று சுற்றுங்கள். பிரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். முன் ஆக்ஸிலிலும் பார்த்துவிடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.25 மீட்டர் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 444 சுற்று. அதை 5.38-ஆல் பெருக்கினால், டாப் கியரில் இன்ஜின் 2,400 சுற்று. 80-இல் 3,200. புது டீசலின் பலமெல்லாம் 2,000 சுற்றை ஒட்டி. அதனால்தான் அந்தச் சுற்றைக் குறைக்கும் ஐந்தாவது கியர் உள்ள பெட்டியோடு எடுங்கள் என்கிறேன். மலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு 5.38-ஐ மாற்றவே வேண்டாம், ஏற்றத்துக்கு அது வரம்.

உட்கார வைப்பது

இப்போது பழைய இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே எடுக்கலாம். இங்கே அளவுதான் எல்லாம். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வெளிவரும் இடம் பழைய ஜீப்பில் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கும். புது டிரான்ஸ்பர் கேஸின் வழி உங்கள் ஆக்ஸில்களின் தலைக்கு நேராக வருகிறதா என்று நூல் கட்டிப் பாருங்கள். வராவிட்டால் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். இதை இன்ஜின் வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து ஆயில் சம்ப், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. நின்ற நிலையில் முன் ஆக்ஸிலுக்கும் சம்ப்புக்கும் நிறைய இடம் தெரியும். அதை நம்பாதீர்கள். லீஃப் ஸ்பிரிங் பம்ப் ஸ்டாப்பை (மேலும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை அமுங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று அளந்து, அப்போதும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி வையுங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதையில் ஓடிய வண்டிக்கு இதன் அருமை தெரியும்.

மவுண்ட் பிராக்கெட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, முழு எடையையும் இறக்கி, ஒரு இரவு விட்டு, மறுநாள் மறுபடி அளந்து, அப்புறம் முழு வெல்டிங். வெல்டிங் செய்யும்போது இ.சி.யு. வண்டியில் இருக்கவே கூடாது, பேட்டரியும் கழற்றியிருக்க வேண்டும்.

பழைய டீசல் டேங்கை அப்படியே இணைப்பது இந்த வேலையிலேயே பெரிய தப்பு. உள்ளே இருக்கும் துருத்தூள் ஒரே வாரத்தில் பம்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். புது டேங்க் போடுங்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வையுங்கள். டேங்கில் திரும்பு குழாய்க்குத் தனி வழி வேண்டும். பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் குழாயை மறக்காதீர்கள். டீசலில் வேக்குவம் தானாக வராது, பல இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் சின்னப் பம்ப்தான் கொடுக்கிறது. பிரேக் ஷூவும் வீல் சிலிண்டரும் புதிதாக மாற்றாமல் 105 குதிரையை மலைச்சாலையில் இறக்கக் கூடாது.

முதல் ஏற்றம்

முதல் 100 கிலோமீட்டர் தேவாரம், சின்னமனூர் பக்கம் சமவெளியிலேயே ஓட்டுங்கள். திரும்பி வந்து மவுண்ட், கிராஸ் மெம்பர், யூ ஜாயின்ட் போல்ட்டுகளை எல்லாம் மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகு ஆள் ஏற்றாமல், வெயில் நேரத்தில், முந்தல் தாண்டி போடிமெட்டுக்கு ஏறுங்கள். ஒவ்வொரு வளைவிலும் சூட்டு முள்ளைப் பாருங்கள். முள் பாதிக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி ஆறவிட்டு இறங்கிவிடுங்கள். ஃபேனைச் சுற்றி உறை இல்லாததால் அப்படி ஆகலாம், இல்லாவிட்டால் இன்டர்கூலர் ரேடியேட்டரின் காற்றை மறைத்து நிற்கும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போ ஆறட்டும். அதற்குள் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். டீ குடித்துவிட்டு வந்து அட்டையை எடுத்துப் பாருங்கள். சொட்டு எதுவும் இல்லையென்றால் மறுநாள் காலையில் ஆள் ஏற்றலாம்.