வயரைக் கழற்றிய பேஸ் கிதார்: மேடையில் செய்யக் கூடாதவை

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி. மாலை நான்கு மணிக்கு வளவில் ஆள் இல்லை. வயருக்குப் பதிலாக ஒலியை ரேடியோ அலையில் அனுப்பும் புது வயர்லெஸ்ஸின் டிரான்ஸ்மிட்டரை பேஸில் செருகி முகப்பு வரை நடந்து வாசித்துப் பார்த்தேன். சின்ன இரைச்சல்கூட இல்லை. எட்டு மணிக்கு வளவு நிரம்பிவிட்டது. இரண்டாவது பாட்டின் பல்லவியிலேயே பேஸ் விட்டுவிட்டு ஒலிக்க ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "தம்பி, உன் வயர் கழன்றுவிட்டதப்பா" என்றார். வயரே கிடையாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீபோர்டு வாசிப்பவரிடம் 20 அடி வயரை இரவல் வாங்கி மாட்டித்தான் அன்று ஒப்பேற்றினேன்.

கருவியில் பழுதில்லை. காலி இடத்தில் சோதித்துவிட்டு நம்பியதுதான் தவறு. விலை குறைந்த டிஜிட்டல் வயர்லெஸ்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. வைஃபை, புளூடூத் எல்லாம் அதே சந்தில்தான் முண்டியடிக்கின்றன. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; தண்ணீர் இந்த அலையை நன்றாகவே விழுங்கும். ஆக, சட்டைப்பையில் கைபேசியோடு வந்து அமரும் ஒவ்வொரு விருந்தாளியும் உங்களுக்கு இரட்டைத் தொல்லை. பந்தி முடிந்து கூட்டம் திரும்பும் நேரத்தை மனத்தில் வைத்துத்தான், அந்த அலையை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் ரிசீவருக்கு இடம் தேட வேண்டும்.

நான் அதைத் தரையில், ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதைவிட மோசம், பக்கத்தில் ஒரு சாண் தள்ளி மைக்செட்காரரின் வைஃபை ரௌட்டர். டேப்லெட்டிலிருந்து மிக்ஸரை இயக்குவதற்காக அவர் வைத்தது. எதிராளியின் மடியிலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறேன்! இப்போதெல்லாம் மேடை ஏறியதும் முதல் வேலை, ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றித் தரும்படி கேட்பது. "அண்ணே, உங்கள் டேப்லெட்டுக்கும் அதுதான் நல்லது" என்று சேர்த்துச் சொன்னால் மறுப்பதில்லை. ரிசீவரை ஒரு ஸ்டாண்டில் தலை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டருக்கும் அதற்கும் நடுவே உங்கள் உடம்பே சுவராக நிற்கக் கூடாது.

பாடகரின் மைக்குக்கென வாங்கிய செட்டை பேஸுக்கு மாட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். குரலுக்கான செட் அந்த ஆழத்துக்கு இறங்க வேண்டிய கட்டாயமில்லை. அட்டைப்பெட்டியில் கீழ் எல்லை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயர்லெஸ் போட்டால் தாளம் பிந்தும் என்பது பாதி உண்மைகூட இல்லை. டிஜிட்டல் கருவியின் தாமதம் 3 மில்லிவிநாடி என்றால், அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மீட்டர்தான் போகும். ஆம்ப்ளிஃபையரை விட்டு மூன்றடி பின்னால் நகர்ந்தது போலத்தான். உண்மையான வில்லன் நம் கால்கள். வயர் இல்லை என்ற உற்சாகத்தில் மேடையை விட்டு இறங்கி 20 மீட்டர் தள்ளி மாப்பிள்ளை வீட்டார் நடுவே போய் வாசித்தால், டிரம்ஸ் உங்கள் காதுக்கு வரவே 58 மில்லிவிநாடி ஆகிறது. அதைக் கேட்டு நீங்கள் விரலை வைக்கும்போது, ஸ்பீக்கரில் பேஸ் தாளத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. டிரம்மர் உங்களை முறைப்பார். அவர் பக்கம்தான் நியாயம். மேடை ஒலியை நேராகக் காதுக்குள் தரும் இயர்போன் மானிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

கெயினை, அதாவது வயர்லெஸ்ஸுக்குள் போகும் ஒலியின் அளவை, தந்தியை மெதுவாக வருடிப் பார்த்து அமைக்க வேண்டாம். கட்டை விரலால் ஓங்கி அடித்துப் பார்த்து, சிவப்பு விளக்கு எரியாத இடத்தில் நிறுத்துங்கள், உள்ளே பேட்டரியில் இயங்கும் சுற்று உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் கட்டாயமாக. பேட்டரி இல்லாத பேசிவ் பேஸ் என்றால் ஒலி சற்றுக் கூர்மையாகக் கேட்கும். நீளமான வயர் தின்றுகொண்டிருந்த மேல் ஸ்தாயி திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

டிரான்ஸ்மிட்டர் பேட்டரியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், பேஸுக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியைத்தான் மறப்பார்கள். ஆக்டிவ் பேஸில் ஜாக்கில் பிளக் இருக்கும்வரை அது செலவாகிக்கொண்டே இருக்கும். வயர் என்றால் சுற்றி எடுத்து வைக்கும்போது தானாகக் கழன்றுவிடும். கட்டைவிரல் அளவு டிரான்ஸ்மிட்டரோ பேஸோடு பேஸாக உறைக்குள் போய், காரைக்குடி வந்து இரண்டு நாள் கழித்துத் திறக்கும்வரை அப்படியே செருகிக் கிடக்கும்.