சிறார் போராளிகள் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி? சியரா லியோனிலிருந்து தொடங்குங்கள்

ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க நினைக்காதீர்கள். உகாண்டாவும் காங்கோவும் லைபீரியாவும் தனித்தனிக் கதைகள். முதலில் ஒரே ஒரு போர் போதும். என் தேர்வு சியரா லியோன், 1991–2002. அங்கே போரில் நடந்ததைப் பதிவு செய்த உண்மை ஆணையமும் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றமும் ஒரே காலத்தில் இயங்கின. இரண்டின் ஆவணங்களும் இணையத்தில் இலவசம்.

படி 1: தேதிகள். ஒரு தாளில் இவற்றை எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1991 மார்ச், லைபீரியா எல்லை தாண்டி ஆர்.யு.எப். கிளர்ச்சிப்படை நுழைகிறது. 1997 மே 25, ராணுவப் புரட்சி. 1999 ஜனவரி 6, தலைநகர் ஃப்ரீடவுன் மீது தாக்குதல். அதே ஆண்டு ஜூலையில் லோமே அமைதி ஒப்பந்தம். 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிப்பு. இந்தத் தாள் படி 3-இல் தேவைப்படும்.

படி 2: ஆவணங்கள். உண்மை ஆணையத்தின் 2004 அறிக்கைக்கு, யூனிசெஃப் துணையோடு சிறுவர்களுக்கென்றே எழுதிய ஒரு வடிவம் உண்டு. வெட்கப்படாமல் அதிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் சிறப்பு நீதிமன்றத்தின் 2007 ஜூன் தீர்ப்பு. சிறுவர்களைப் படையில் சேர்த்த குற்றத்துக்கு ஒரு சர்வதேச நீதிமன்றம் தண்டித்தது அதுவே முதல் முறை. தீர்ப்புகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள். முழுதாகப் படிக்க வேண்டாம். ஆர்.யு.எப். தன் சிறுவர் பிரிவை 'ஸ்மால் பாய்ஸ் யூனிட்' என்றே அழைத்தது. அதன் சுருக்கமான எஸ்.பி.யு. என்பதை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடினால் வேண்டிய பத்திகள் வந்துவிடும்.

கிளர்ச்சியாளர்களோடு நின்றுவிடாதீர்கள். அரசுக்கு ஆதரவாகச் சண்டையிட்ட கமாஜோர் படையிலும் சிறுவர்கள் இருந்தார்கள். அந்தப் படையின் தலைவர்கள் மீதான வழக்கில், அதன் தலைமைப் பூசாரி கொண்டேவாவுக்குச் சிறுவர் சேர்ப்புக்காகக் கிடைத்த தண்டனை 2008-இல் மேல்முறையீட்டில் ரத்தானது. எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் மேல்முறையீட்டையும் சேர்த்தே பாருங்கள்.

படி 3: வயது. நான் வெகுநேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இது. நீதிமன்றச் சட்டப்படி 15 வயதுக்குக் கீழானவர்களைச் சேர்த்தால்தான் குற்றம். சிறார் போராளிகள் பற்றிய சர்வதேச வழிகாட்டுதலான 2007-இன் பாரிஸ் கோட்பாடுகளிலும் உதவி அமைப்புகளின் கணக்கிலும் வரம்பு 18. போருக்குப் பின் படைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட சிறார் 6,845 பேர் என்ற எண் 18-க்கு உட்பட்டோர் கணக்கு. அதை நீதிமன்ற வழக்கோடு பொருத்தினால் எல்லாம் குழம்பிவிடும்.

பிறப்புச் சான்றிதழ் பலருக்குக் கிடையாது. எனவே சாட்சியத்தில் சொல்லும் வயதை நிகழ்ச்சியோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 2005 நடுவில் சாட்சி சொன்னவர் தன் வயது 21 என்கிறார்; ஃப்ரீடவுன் தாக்குதலின்போது பிடித்துச் சென்றார்கள் என்கிறார். அப்படியானால் அன்று அவருக்கு 14 அல்லது 15. சரியாக 15 என்ற வரம்புக் கோட்டிலேயே! 1997 புரட்சியின்போது என்றால் 12 அல்லது 13, சந்தேகமே இல்லை. அதனால்தான் அந்தத் தேதித் தாள்.

நீதிபதிகளும் இதே சிக்கலில்தான் இருந்தார்கள். காங்கோவின் ஆயுதக்குழுத் தலைவர் லுபாங்கா மீதான வழக்கில் (2012) முன்னாள் சிறார் போராளிகள் என வந்த பலரின் சாட்சியத்தைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2003 பிப்ரவரியில் ருவாம்பாரா பயிற்சி முகாமில் எடுத்த காணொளி உள்ளிட்ட பிற ஆதாரங்களை வைத்தே 15-க்குக் கீழானவர்கள் இருந்ததை உறுதி செய்தது.

படி 4: விடுபட்டவர்கள். ஆயுதக் களைவு முகாம்களின் கணக்கில் சிறுமிகள் மிகக் குறைவு. படையில் குறைவாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. சமையல், சுமை தூக்குதல், தளபதிகளின் 'மனைவி' என்று வைத்திருந்ததால் பலர் முகாமுக்கே வரவில்லை. 'எத்தனை பேர்' என்ற எண்ணைப் பார்த்தவுடன், எண்ணியது யார், எங்கே என்று கேளுங்கள்.

குறிப்பு எடுக்க: மேற்கோள்களைச் சேகரிக்கும் மென்பொருளான சொடேரோ நல்ல கருவிதான், ஆனால் இந்த வேலைக்கு எனக்கு எக்செல் போதும். சம்பவம், இடம், ஆண்டு, சொன்ன வயது, கணக்கிட்ட வயது, எந்த வரம்பு, பக்க எண் என ஏழு நெடுவரிசைகள்.

பின்சேர்க்கை: சாட்சியப் பதிவுகளில் பெயருக்குப் பதில் 'டி.எஃப்.1' என்று தொடங்கும் எண்கள் வருவது ஏன் என்று சிலர் கேட்டார்கள். அவை பாதுகாக்கப்பட்ட சாட்சிகளின் குறியீடுகள். உங்கள் கட்டுரையிலும் அந்த எண்ணையே போடுங்கள். வேறு துணுக்குகளைச் சேர்த்து ஆள் யாரென்று துப்பறிய வேண்டாம். கறுப்பு மை பூசிய வரிகள் ரகசிய விசாரணைப் பகுதி. உங்கள் பிடிஎஃப் கெட்டுப்போகவில்லை.