ஆன்லைனில் துணி எடுக்கும்போது படத்தைக் கடைசியாகப் பாருங்கள்

தைப்பதற்கு ஆன்லைனில் துணி எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது நிறம், அடுத்தது விலை, அப்புறம் நேராகப் பணம் கட்டும் பக்கம். இந்த வரிசையே தவறு. கடையில் என்றால் துணியை விரித்தவுடன் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்போம், ஒரு முனையைக் கசக்கிவிட்டு மடிப்பு நிற்கிறதா என்று பார்ப்போம், அடியில் உள்ளங்கையை வைத்து எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்போம், தூக்கிப் பிடித்து எப்படி விழுகிறது என்றும் பார்ப்போம். போனில் இது எதுவும் முடியாது. கை செய்த வேலையை இங்கே சில விவரங்கள்தான் செய்ய வேண்டும்: பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு, கனம் எவ்வளவு, எந்த நூல், எந்த அளவில் விற்கிறார்கள். இதெல்லாம் போடாத துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள். கேட்டும் பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதே டிசைன் இன்னும் பத்துப் பேரிடம் இருக்கும்.

பன்னாவில்தான் பணம் அதிகம் வீணாகிறது, போனதே பலருக்குத் தெரியாது. துணி பெரும்பாலும் 36, 44, 58 அங்குல அகலங்களில் வருகிறது, விலை மட்டும் எல்லாவற்றுக்கும் மீட்டர் கணக்கு. ஆண்கள் முழுக்கைச் சட்டை ஒன்றுக்கு 36 பன்னாவில் சுமார் 2.25 மீட்டர் வேண்டும், 58 பன்னாவில் 1.6 மீட்டரே போதும். மீட்டர் 130 ரூபாய் என்று மலிவாகத் தெரிகிற 36 பன்னா துணியில் சட்டைக்கு 292 ரூபாய் ஆகும், மீட்டர் 180 என்று பயமுறுத்துகிற 58 பன்னா துணி 288 ரூபாயில் முடிந்துவிடும். எனவே மீட்டர் விலையை ஒப்பிடாதீர்கள், தைக்கப்போகும் உடுப்புக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். டெய்லரிடம் "சுடிதார் டாப்புக்கு எத்தனை மீட்டர்?" என்று கேட்கும்போதே "எத்தனை பன்னாவுக்கு?" என்றும் சேர்த்துக் கேளுங்கள், அவர் மனதில் ஒரு பன்னா இருக்கும், நீங்கள் வாங்குவது வேறாக இருக்கும். ப்ளவுஸ் பிட்டும் அப்படித்தான். 80 சென்டிமீட்டர் என்று வெட்டி வைத்திருப்பது சாதாரண அளவு, குட்டைக் கைக்குத்தான் சரிவரும். முழங்கை வரை கை வேண்டும், அல்லது மார்பளவு கொஞ்சம் கூடுதல் என்றால் ஒரு மீட்டராக எடுங்கள். எம்பிராய்டரி போட்ட துணியில் இன்னொரு சங்கதி உண்டு. 44 அங்குலம் என்று போட்டிருந்தாலும் வேலைப்பாடு இரண்டு ஓரத்தையும் விட்டு உள்ளேதான் தொடங்கும், வெட்டப் பயன்படுகிற அகலம் அதைவிடக் குறைவு.

அளவுக் கட்டத்தில் 1 என்று இருப்பது எப்போதும் ஒரு மீட்டர் இல்லை. சில கடைகளில் 1 என்றால் அரை மீட்டர். வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் அது ஒரு கெஜமாக இருக்கலாம், கெஜம் என்றால் 91.44 சென்டிமீட்டர்தான், ஐந்து கெஜம் வாங்கினால் ஐந்து மீட்டரைவிட ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் குறையும், அதாவது ஒரு கைக்கான துணி போய்விடும். மூன்று மீட்டர் கேட்டால் ஒரே துண்டாக வருமா என்பதையும் கேளுங்கள், கட் பீஸ் விற்பவர்கள் ஒன்றரை மீட்டரில் இரண்டு துண்டு அனுப்பிவிட்டு "மொத்தம் மூன்றுதானே" என்பார்கள். கவுன், அனார்கலி மாதிரி நீளமாக வெட்ட வேண்டியதற்கு அது உதவாது.

கனத்துக்கு வருவோம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, அவ்வளவுதான், இதில் பயப்பட எதுவும் இல்லை. மல்மல் என்கிற மெல்லிய காட்டன் சுமார் 60 முதல் 80 வரை இருக்கும், தனியாகப் போட்டால் உள்ளே தெரியும். பாப்ளின் 110, 130 என்று வரும், சட்டைக்கும் டாப்புக்கும் நிம்மதியானது. பேன்ட் தைக்க 200-க்கு மேல் பாருங்கள், ஜீன்ஸ் துணி 300-ஐத் தாண்டும். ரேயானில் "14 கிலோ" என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், நூறு மீட்டர் துணியின் எடை அது, 44 பன்னாவில் கணக்குப் போட்டால் 125 ஜிஎஸ்எம் வரும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு துணியின் கனம் பிடித்திருந்தால் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, கிராம் எடையை அந்த விடையால் வகுத்துப் பாருங்கள். அதுதான் இனி உங்கள் அளவுகோல்.

பனியன் துணி கிலோவில் வரும், திருப்பூர் பக்கத்து விற்பனையாளர்கள் பலர் அப்படித்தான் தருகிறார்கள். 180 ஜிஎஸ்எம், 60 அங்குல அகலம் என்றால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 3.6 மீட்டர் கிடைக்கும். குழாயாகப் பின்னிய துணி என்றால், சொல்கிற அகலம் மடித்த அகலமா, வெட்டி விரித்த அகலமா என்று கேட்டுவிடுங்கள், கணக்கு பாதிக்குப் பாதி மாறும்.

நூல் எது என்பதில்தான் வார்த்தை விளையாட்டு அதிகம். "காட்டன் ஃபீல்", "காட்டன் டச்" என்று போட்டிருந்தால் அது காட்டன் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. "ப்யூர் காட்டன் மிக்ஸ்" என்று ஒன்று ஓடுகிறது, ப்யூர் என்றால் எப்படி மிக்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. பட்டின் பெயரில் வருவது அதைவிட மோசம். ஆர்ட் சில்க் என்பது செயற்கை இழை. விசித்ரா சில்க் பாலியஸ்டர். மோடல் சில்க்கில் பெரும்பாலும் பட்டே கிடையாது, மோடல் மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை. இவையெல்லாம் மோசமான துணி என்று சொல்லவில்லை, மோடல் உடம்புக்கு அருமையாக இருக்கும், பட்டு விலை கொடுக்காதீர்கள் என்கிறேன். மீட்டர் 200 ரூபாய்க்குப் பட்டு யாரும் தர மாட்டார்கள். உண்மையான பட்டு என்று விற்றால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள், மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்தது அது. துணி வந்த பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். காட்டனும் ரேயானும் காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், பட்டு முடி பொசுங்கிய நாற்றம் அடித்து, தொட்டால் பொடியாகிற கரியை விடும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூல் என்றால் இரண்டும் கலந்து குழப்பும், அப்போது மணி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள்.

சேலைக்கு மேட்சிங் ப்ளவுஸ் துணியை ஆன்லைனில் எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. உங்கள் போன் திரை ஒரு நிறம் காட்டும், வீட்டில் இருக்கிறவர் போனில் அதே படம் வேறு மாதிரி தெரியும், விற்பவர் எடுத்தது கடை விளக்கில். ஒரே விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு, மேட்சிங் சென்டரில் சேலையையும் துணியையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது அதனால்தான். நேரில் பார்த்தே தவறுகிற காரியம் இது. கான்ட்ராஸ்டாகப் போடுவதென்றால் தாராளமாக ஆன்லைனில் எடுங்கள், நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கெட்டுப்போகாது. மற்ற துணிகளுக்கு, ஜன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில், பின்னால் கையை வைத்து, துணியைக் கசக்கி விட்டு ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் விற்பவர்கள் பலர் அனுப்புவார்கள். துணியின் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற பிரின்ட் துப்பட்டாவுக்கு ஒத்துவராது.

பூவின் அளவு இன்னொரு ஏமாற்றம். படத்தில் சின்னப் பூ, கைக்கு வந்தால் உள்ளங்கை அகலம். டேப் வைத்து எடுத்த படம் கேளுங்கள். யானையும் மயிலும் ஒரே திசையில் நிற்கிற டிசைன் என்றால் துணியைத் திருப்பிப் போட்டு வெட்ட முடியாது, கட்டம் போட்டதென்றால் தையலில் கட்டம் சேர வேண்டும், இரண்டுக்கும் கால் மீட்டராவது கூடுதலாக எடுக்க வேண்டும். மாடல் போட்டிருக்கும் தைத்த உடையைப் பார்த்துத் துணி வாங்காதீர்கள், அந்த உடை அந்தத் துணியில்தான் தைத்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒருமுறை வாங்கியதையே திரும்பவும் வாங்கினாலும் சாய லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்த தொகுதி, மாறியிருக்கும், டாப்புக்கும் பேன்ட்டுக்கும் ஒரே நிறம் வேண்டுமென்றால் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

அளவை இழுத்துப் பிடித்து வாங்குவதும் தவறுதான். காட்டன் முதல் தண்ணீரில் சுருங்கும், ரேயான் அதைவிட. ஐந்து சதவீதம் சுருங்கினாலே இரண்டரை மீட்டரில் 12 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. டெய்லர் "நனைத்துக் கொண்டு வாங்க" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மெயின் துணியை மட்டும் நனைத்துவிட்டு லைனிங்கை மறந்தால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி ப்ளவுஸ் முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும். ரேயானை முறுக்கிப் பிழியாதீர்கள், ஈரத்தில் அதற்கு வலு குறைவு. கலம்காரி, அஜ்ரக், இண்டிகோ, சுங்குடி மாதிரிச் சாயத் துணி எதுவானாலும் முதல் சில துவைப்புகளுக்குத் தனியாகவே போடுங்கள். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயம் தோய்க்கிற நேரத்தில் உப்பு சாயத்தை நூலுக்குள் இறக்க உதவும், தோய்த்து முடித்த துணியில் அது எதையும் பிடித்து வைக்காது. மிச்சச் சாயம் போய்த் தீர வேண்டும், அவ்வளவுதான்.

பார்சல் வந்ததும் நேராக டெய்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். தைப்பதற்கு நீங்கள் வெட்டிய துணியையும் துவைத்த துணியையும் யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். கவரைப் பிரிப்பதற்கு முன்பே வீடியோவை ஓடவிட்டு, முகவரி ஒட்டிய பக்கத்தைக் காட்டி, பிரித்து, டேப் வைத்து நீளமும் அகலமும் அளந்து முடிக்கிறவரை ஒரே வீடியோவாக எடுங்கள், பிரிக்கிற வீடியோ இல்லாமல் புகாரை ஏற்காத கடைகள் நிறைய. அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நூல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, பிரின்ட் விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். 140 ஜிஎஸ்எம் என்று சொல்லி 44 பன்னாவில் மூன்று மீட்டர் அனுப்பியிருந்தால் தராசில் சுமார் 470 கிராம் காட்ட வேண்டும். 350 காட்டினால் உங்களுக்கு வந்தது 104 ஜிஎஸ்எம் துணி, அதைப் படம் எடுத்தே அனுப்பலாம்.

"வெட்டிய துணி திரும்ப எடுக்கப்படாது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. நிறம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த வரி செல்லும். ஆனால் ஓட்டையான துணி வந்தாலோ, காட்டன் என்று சொல்லிப் பாலியஸ்டர் வந்தாலோ அது செல்லாது. குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பெரிய தளங்களில் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. துணியின் விவரம் போட்டிருந்த பக்கத்தை ஆர்டர் போடும் அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள், புகார் போன பிறகு "ப்யூர் காட்டன்" என்ற வரி அங்கே இல்லாமல் போக வாய்ப்பு உண்டு.