மருந்து எதிர்ப்பை முறியடிக்கும் இயற்கைச் சேர்மங்கள்: ஆய்வுச் செய்திகளை எடைபோடுவது எப்படி?

பிளாட்டினம் வகை கீமோதெரபி முடிந்து 6 மாதங்களுக்குள் சினைப்பைப் புற்றுநோய் திரும்பினால், அதைப் பிளாட்டின எதிர்ப்பு நிலை என்று மருத்துவர்கள் வழக்கமாகக் குறிப்பிடுகின்றனர். அந்த வேளையில் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற சேர்மம் மருந்து எதிர்ப்பை முறியடித்தது என்றொரு செய்தியைப் படிப்பவருக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பு. அந்த நம்பிக்கை வீணாகக் கூடாது என்பதற்காகவே சில கேள்விகளை முன்வைக்கிறேன்.

சோதனை எதில் நடந்தது என்பதை முதலில் பாருங்கள். எதிர்ப்புப் பெற்ற செல்கள் பாக்லிடாக்ஸல் என்ற கீமோதெரபி மருந்தைப் பி-கிளைகோபுரதம் என்ற செல்சவ்வுப் புரதத்தின் வழியே வெளியே தள்ளுகின்றன; பிளாட்டின மருந்தைக் குளூட்டாதயோன் என்ற செல்லின் பாதுகாப்பு மூலக்கூறால் முடக்குகின்றன; சிதைந்த டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்கின்றன. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் குர்குமின், வெங்காயம் போன்றவற்றிலுள்ள குவெர்செட்டின் முதலியவை இவ்வழிகளில் சிலவற்றைத் தடுப்பது உண்மைதான்.

அடுத்து, எவ்வளவு செறிவு தேவைப்பட்டது என்று தேடுங்கள். என் கணிப்பில் இதுவே தலையாய கேள்வி. செல் சோதனைகளில் குர்குமின் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் நாளொன்றுக்கு 8 கிராம் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடற்சுவரும் கல்லீரலும் அதை விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுவதே காரணம்.

பிறகு, மனிதரிடம் ஒப்பீட்டுச் சோதனை நடந்ததா என்று பாருங்கள். ஐசோஃபிளேவோன் என்ற தாவரச் சேர்மத்திலிருந்து உருவாக்கப்பட்ட ஃபீனாக்சோடையால் என்ற மருந்து, ஆய்வகத்தில் எதிர்ப்பை நீக்கும் என்று எதிர்பார்ப்பை ஏற்படுத்தியும், பிளாட்டின வகை மருந்தான கார்போபிளாட்டினுடன் சேர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்தபோது கூடுதல் பயன் தரவில்லை. இதனால் இயற்கைச் சேர்மங்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை: பாக்லிடாக்ஸலே பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. 1971இல் அதன் அமைப்பு வெளியானது. தூய்மை, அளவு, நச்சுத்தன்மை அனைத்தும் சோதிக்கப்பட்டு 1992இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

துணைமாத்திரை எதையும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். குர்குமின் மாத்திரைகளில் பலவற்றில் மிளகிலுள்ள பைப்பரின் என்ற சேர்மம் சேர்க்கப்பட்டிருக்கும். அது பாக்லிடாக்ஸலைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான சிஒய்பி3ஏ4ஐத் தடுக்கக்கூடியது என்பதால் பக்கவிளைவுகள் கடுமையாகலாம். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் பதிவாகியுள்ளது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள். மாத்திரைக் குப்பியையே நேரில் கொண்டுசெல்லுங்கள், பெயரை மட்டும் சொன்னால் உட்பொருள்கள் விட்டுப்போகும். அதே சந்திப்பில், கட்டியில் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா (சில மருந்துகள் குறிவைக்கும் செல்பரப்புப் புரதம்) சோதிக்கப்பட்டதா, நீங்கள் சேரத் தகுதியான புதிய சிகிச்சைக்கான மருத்துவ ஆய்வு ஏதேனும் உள்ளதா என்றும் கேளுங்கள்.