சூரியா கேஎல்சிசிக்கு உறவினர்களைக் கூட்டிப்போவது எப்படி?

தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் மறுநாள் காலையில் கேட்பது ஒன்றைத்தான்: "இரட்டைக் கோபுரத்துக்கு எப்போது போகிறோம்?" கோலாலம்பூரின் அந்தப் பெட்ரோனாஸ் கோபுரத்தின் காலடியில்தான் 1998-இல் திறந்த சூரியா கேஎல்சிசி பேரங்காடி இருக்கிறது. பெரியப்பா, அத்தை என்று பலரை அழைத்துப்போய்ப் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காலையில் போகாதீர்கள். மூன்று மணிக்குக் கிளம்புங்கள். கோலாலம்பூரில் பிற்பகலில்தான் பெரும்பாலும் மழை கொட்டும். அந்த நேரத்தைக் கூரைக்கடியில் கழித்துவிட்டு, மழை விட்டதும் பேரங்காடிக்குப் பின்னாலுள்ள பூங்காவுக்கு இறங்கலாம். திங்கட்கிழமை வேண்டாம். அன்று இரண்டு கோபுரங்களையும் 41-ஆம் மாடியில் இணைக்கும் வான்பாலத்துக்கு விடுமுறை.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தங்கியிருந்தால் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கோம்பாக் போகும் எல்ஆர்டி நகர ரயிலில் ஏறுங்கள். ஐந்தாவது நிலையமான கேஎல்சிசியில் இறங்குங்கள். டிக்கெட்டுக்குப் பதில் நீல நிற பிளாஸ்டிக் வில்லை ஒன்று வரும். நுழையும்போது அதைத் தொட்டுக் காட்டி, வெளியேறும்போது துளைக்குள் போட வேண்டும். பெரியப்பா அதை வெற்றிலைப் பைக்குள் போட்டுவிட்டார். பாக்கு, சுண்ணாம்பு டப்பா எல்லாம் வெளியே வந்த பிறகே வில்லை வந்தது.

நிலையத்திலிருந்து நேராகப் பேரங்காடியின் அடித்தளத்துக்குள் நுழைந்துவிடலாம். உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எங்கே சந்திப்பது என்று முடிவு செய்வது. கட்டடம் பிறை வடிவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பளபளப்பு, அதே நகரும் படிக்கட்டு. ஒருமுறை அத்தையிடம், "படிக்கட்டுப் பக்கம் நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் நின்றார்தான், ஆனால் ஒரு மாடி மேலே, வேறொரு படிக்கட்டுப் பக்கத்தில். அவர் கைபேசியில் உள்ளூர் சிம்கார்டும் இல்லை. நாற்பது நிமிடம் நான் கீழேயும் அவர் மேலேயுமாகக் காத்திருந்தோம். அதற்குப் பிறகு நான் சொல்லும் இடம் ஒன்றே ஒன்று: நான்காம் மாடியில் கினோகுனியா புத்தகக் கடை வாசல். பெயரைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். வழி தவறினாலும் தாளைக் காட்டினால் யாராவது கைகாட்டுவார்கள்.

தரைத்தளத்தில் பெரிய பெயர்களின் கைப்பைகளும் கடிகாரங்களும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்க்க ஆரம்பித்தால் உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சாயங்காலம் முழுவதும் அதே பேச்சுதான். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டாம் மாடியின் உணவு வளாகம் பரவாயில்லை. சைவக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும். கீரைப் பொரியல் போலத் தெரிவதில்கூட பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்ந்திருக்கலாம்.

ஏழரைக்குள் பின்வாசல் வழியாகப் பூங்காவுக்கு வந்துவிடுங்கள். ஐம்பது ஏக்கர். வாசலில் நின்று படமெடுத்தால் 452 மீட்டர் கோபுரத்துக்குத் தலை இருக்காது. குளத்தைத் தாண்டி நடந்துபோய் எடுங்கள், இரண்டும் முழுசாக விழும். எட்டு மணிக்கு இசையோடு வண்ண நீரூற்று ஆடும். அது முடிந்ததும் கூட்டம் மொத்தமும் ரயிலுக்குப் பாயும். நாங்கள் ஒன்பது மணி ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். பெரியப்பாவின் வில்லை மட்டும் என் கையில் இருக்கும்.